கைகூப்ப இடந்தராத ஆடை

சிற்பத்தில் உள்ள ஆடை நழுவுவதில்லை. இந்த எளிய உண்மையை நான் எழுபதை நெருங்கும் அகவையில், எங்கள் மலையூரான செம்மேட்டின் பேருந்து நிலையத்தில், புறப்பட ஆயத்தமாய் நின்ற ஒரு பேருந்தின் படியருகே, பலர் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நான் எழுதாவிட்டாலும் மலையில் அனைவரும் அதை அறிவர். ஆனால் அவர்கள் சிரித்துச் சொல்வது என் இடையாடை கழன்ற கதையை மட்டுமே. அதற்குப் பின் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை அவர்கள் சொல்வதில்லை. அது அவர்கள் காதில் விழவில்லை போலும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் செம்மேட்டில் ஒரு சிறு வீட்டை வாங்கிக் குடிவந்தோம். கீழ்நாட்டு வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கோ ஓர் அறையும் நீண்ட மேசையும் இருந்தால் போதும். கோயிற் சிற்பங்களிலும் சுவரோவியங்களிலும் எனக்கு இளமை முதலே ஈடுபாடு. அரசனின் முடியைப் பலரும் ஆராய்ந்துவிட்டனர். அவனுக்குப் பின்னால் வெற்றிலைப் பையை ஏந்தி நிற்பவன் என்ன உடுத்தியிருந்தான், அந்தப் பையின் வாயை எப்படிச் சுருக்கினான், சுண்ணாம்பை எதில் அடைத்தான், மழை வந்தால் தலைமேல் எதைப் பிடித்தான் என்பவற்றை ஆராய்ந்தவர் குறைவு. நான் அவற்றைப் பற்றி எழுதினேன். எழுதியது போதாமல், ஓய்வுக்குப் பின் அவற்றைக் கையால் செய்தே பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் செய்தது ஒரு வெற்றிலைப் பை. பிற்காலச் சோழர் சிற்பம் ஒன்றின் நிழற்படத்தை எதிரே வைத்துக்கொண்டு, கைத்தறித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்தி, கையூசியால் தைத்தேன். என் மனைவி அறைவாயிலில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தனை வருசமா உங்க சட்டைக்குப் பித்தான் தெச்சுக் குடுத்தது நானுங்க. இந்தக் கை இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்துது?" என்றாள்.

பையைத் தொடர்ந்து பனையோலைக் குடை வந்தது. பிறகு தோற்செருப்பு, சுரைக்குடுக்கை, சுண்ணாம்புச் சிமிழ், வழிநடைக்காக உப்பை அடைத்துக் கொண்டுசெல்லும் மூங்கிற்குழல். இவை எல்லாம் எளியவை. கிடைத்த சான்றைக் கொண்டு செய்துவிடலாம். தவறினால் மீண்டும் செய்யலாம். ஆடைதான் கடினம். கல் மடிப்பைக் காட்டும். மடிப்பின் முனை எங்கே செருகப்பட்டது என்பதைக் காட்டாது. உடலுக்குப் பின்புறம் போன துணி மறுபுறம் எப்படி வெளிவந்தது என்று தெரியாமல், கண்ணாடி முன் நின்று வாரக்கணக்கில் என்னையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

இதற்கு உதவியாக வந்தவர் செம்மேட்டுக் கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்த ஓர் அம்மையார். நாற்பதைக் கடந்தவர். கணவர் சுமையுந்து ஓட்டுபவர். பெரும்பாலும் வடநாட்டுச் சாலைகளில் இருப்பவர். கடை, வீடு, ஒரே மகள் ஆகிய அனைத்தையும் அம்மையாரே பார்த்துக்கொண்டார். நான் கொண்டுசென்ற சிற்பப் படங்களை அவர் முதன்முறை பார்த்தபோது கடையே அதிரச் சிரித்தார்.

"இந்தம்மாவுக்கெல்லாம் தெச்சா எவ்வளவு நிம்மதிங்க! முன்கழுத்து எறக்கம், பின்கழுத்து எறக்கம்னு ஒரு சண்டையும் வராது. கழுத்தே இல்லையே."

அவருக்கு வரலாற்றில் பெரிய நாட்டம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வேடிக்கையில் நாட்டம் இருந்தது. எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. துணிகளை வெட்டுவதும், ஓரம் மடித்துக் கையால் தைப்பதும் அவர் வேலை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதைச் சொல்வது என் வேலை. என்னிடம் ஒரு விதி இருந்தது: அக்காலத்தில் இருந்ததற்குச் சான்று இல்லாத எதுவும் உடலின்மேல் இருக்கலாகாது. இந்த விதியை ஒரு கோயிற் கட்டுப்பாட்டைப் போல் காத்தேன். பொறியால் தைத்த தையல் கூடாது. இழுத்தால் நீளும் மீள்நாடா கூடாது. கொக்கி கூடாது. ஊக்கு அறவே கூடாது.

கடந்த ஆண்டு, ஊர் விழாவை ஒட்டிய ஊர்வலத்தில் பழங்கால மிளகு வணிகர் கூட்டம் ஒன்றை உருவாக்கிக் காட்ட வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் மகிழ்ந்துபோனேன். அறையில் கிடந்தவை தெருவில் நடக்கப் போகின்றன! ஆண்கள் எளிதாகக் கிடைத்தனர். பெண்கள் தயங்கினர். ரவிக்கை இல்லாமல், மார்பில் கச்சு மட்டும் கட்டிக்கொண்டு எவர் வருவார்? தையற்கடை அம்மையார்தான் வழி கண்டார். கச்சின்மேல் அகலமான மேலாடை ஒன்றைத் தோளைச் சுற்றிப் போர்த்துக்கொள்ளலாம் என்றார். ஓவியம் ஒன்றில் அத்தகைய மேலாடை இருந்தது; நானும் இசைந்தேன்.

"நான் மொதல்ல உடுத்திட்டு நிக்கறேன். அப்பறம் எவளாவது வாய் தொறக்கட்டும்" என்று சொல்லி, தம் கடைக்கு வரும் பெண்களை எல்லாம் அவரே அழைத்துவந்தார். அவரை நம்பியே அவர்கள் வந்தார்கள்.

இதற்கிடையே அவர் மகளுக்கு ஓர் இடம் பொருந்தி வந்தது. மணமகன் வீட்டார் இதே மலையில் உள்ள பைல் நாட்டைச் சேர்ந்த உழவர்கள்; மிளகும் மரவள்ளியும் விளைவிப்பவர்கள். பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் தாய்க்குத்தான் ஒரு தயக்கம். கடைத்தெருவில் தனித்து நின்று பிழைக்கும் சம்பந்தியைப் பற்றி, "கைல காசு பார்க்கறவ, கொஞ்சம் தலைக்கனம் இருக்கும்" என்று யாரிடமோ சொல்லியிருந்தார். அச்சொல் காற்றுவாக்கில் கடைவரை வந்து சேர்ந்தது. அம்மையார் அதையும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். ஆனால் அன்று மாலை வரை அவர் கை ஒரே ஓரத்தைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தது. ஊர்வலத்தன்று மணமகன் வீட்டார் விழா பார்க்க வருவதாகவும், மாலையில் பெண் வீட்டுக்கு வந்து திருமண நாளைக் குறிப்பதாகவும் ஏற்பாடு. இவை அனைத்தும் எனக்கு முன்பே தெரியும். இவ்வொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும்.

ஊர்வலத்தன்று காலை, பள்ளித் திடலில் அனைவரும் கூடினோம். நான் வணிகர் தலைவன் கோலத்தில் இருந்தேன். இடையில் முழங்கால் மறைக்கும் ஆடை, அதன்மேல் இடைக்கச்சு, வெற்றுடம்பு, தோளில் வெற்றிலைப் பை. மூக்குக்கண்ணாடி அக்காலத்தில் இல்லை என்பதால் அதையும் கழற்றி மனைவியிடம் தந்திருந்தேன். அவள் ஊர்வலத்துக்கு வர மறுத்துவிட்டாள். "நான் ஊட்டுலயே இருக்கறனுங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது துணியோட இருக்கணும்" என்று சொல்லிக் கண்ணாடியை வாங்கி உறையில் வைத்தாள்.

நான் வரிசையின் ஓரமாக நடந்து ஒவ்வொருவரையும் சோதித்தேன். கடிகாரங்களைக் கழற்றச் செய்தேன். நெகிழி வளையல்களை நீக்கச் செய்தேன். இடையில் செருகியிருந்த கைப்பேசிகளைக் கேட்டபோது ஒரு பெண் கேட்டாள்:

"ஏனுங்கய்யா, ராசா காலத்துல பாம்பு கடிச்சா யாருக்குப் போன் பண்ணுவாங்க?"

"பண்ண மாட்டாங்க புள்ள, செத்துப்போவாங்க" என்றாள் அருகில் இருந்தவள். வரிசை முழுதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

அடுத்து ஊக்குகளைக் கேட்டேன். நம் பெண்கள் ஊக்கை எங்கே வைத்திருப்பார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. தாலிச் சரட்டில் கோத்திருப்பார்கள். அறுந்த செருப்புக்கும், கிழிந்த பைக்கும், பேருந்தில் பிரிந்த முந்தானைக்கும் உடனே கைகொடுப்பது அங்கே தொங்கும் ஊக்கே. மேலாடையைத் தோளில் குத்தியிருந்த ஊக்குகளோடு, சரட்டில் கிடந்த ஊக்குகளையும் தருமாறு சொல்லிப் பித்தளைத் தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு சென்றேன். ஒருத்தி தலையைக் குனிந்து கழற்றிப் போட்டாள். மற்றொருத்தி, "பின்னு இல்லாத தாலி எனக்கே புதுசா இருக்குது" என்றபடி போட்டாள். தட்டில் ஊக்குகள் கிலுகிலுவென விழுந்தன. அந்த ஒலி எனக்கு அன்று இனிமையாக இருந்தது.

தையற்கடை அம்மையார் வரிசையின் கடைசியில் இருந்தார். அவர் தம் மேலாடையைத் தோளுக்குக் கீழே, கச்சோடு சேர்த்து ஒரே ஊக்கால் குத்தியிருந்தார். வெளியே தெரியவில்லை. நான் கண்டுபிடித்தேன்.

"அய்யா, இன்னைக்கு அவங்க வாராங்க" என்றார் தாழ்ந்த குரலில். "இந்த ஒண்ணை மட்டும் உட்ருங்க. வெளியில தெரியாது."

"தெரிவதும் தெரியாததும் பொருட்டன்று. அக்காலத்தில் ஊக்கு இல்லை" என்றேன்.

"அந்தக் காலத்துல சம்பந்தியும் இல்லீங்களா?"

மற்ற பெண்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார், ஆனால் கண்கள் என் முகத்தை விட்டு அகலவில்லை. நான் அவருக்கு விலக்கு அளித்திருக்கலாம். எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாரே, ஒருவருக்கு அளித்தால் எல்லோரும் கேட்பார்களே என்று எண்ணினேன். அவ்வெண்ணத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது: கீழ்நாட்டிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் விழாவுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் அருகே வந்து பார்ப்பார்கள். பார்த்தால் என் பணியில் ஒரு பொட்டும் பிழை காணலாகாது.

தட்டை நீட்டியபடியே நின்றேன். அவர் தோளுக்குக் கீழே கைவிட்டு ஊக்கைக் கழற்றித் தட்டில் வைத்தார். போடவில்லை, வைத்தார். பின்பு மேலாடையின் இரு முனைகளையும் இழுத்து ஒரு முடிச்சிட்டுக்கொண்டார். கஞ்சியிட்ட புதுத் துணி. முடிச்சு இறுகாமல் விறைத்து நின்றது.

ஊர்வலம் புறப்பட்டது. பறை முன்னே சென்றது. நான் வணிகர் தலைவனாக முதலில் நடந்தேன். கிட்டத்தில் இருப்பவை எனக்குத் தெரியும்; கண்ணாடி இல்லாததால் சாலையின் இருபுறமும் நிறங்கள் மட்டுமே தெரிந்தன. யாரோ கைதட்டினார்கள்; யாரோ என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மலைக்காற்று அன்று ஓயவில்லை. இடைக்கச்சு நெகிழ, என் இடையாடையும் மெல்லத் தளர்ந்தது. நான் இடக்கையால் பிடித்துக்கொண்டேன். தலைவனுக்குரிய நிலை இதுவென்று காண்போர் கருதுவர் என எண்ணினேன். பின்னால் என்ன நடக்கிறதென்று ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

நடந்ததைப் பின்னர் மற்றப் பெண்கள் சொல்லி அறிந்தேன். கடைத்தெருவின் நடுவே, பலசரக்குக் கடை ஒன்றின் படிமேல், மணமகனின் பெற்றோர் நின்றிருந்தார்கள். சம்பந்தியம்மாவைக் கண்டதும் இருவரும் முகமலர்ந்து இரு கைகளையும் கூப்பி வணங்கினார்கள். தையற்கடை அம்மையாரின் முடிச்சு அதற்கு முன்பே அவிழ்ந்திருந்தது. வலக்கையால் மேலாடையின் முனைகளை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். இடக்கையில் நான் கொடுத்த ஓலைக்குடை. குடையைக் கீழே போட்டாலும் ஒரு கைதான் கிடைக்கும். ஒற்றைக் கையால் வணங்குவது, வணங்காததைவிடக் கேடு. அவர் தலையை மட்டும் அசைத்தார். முகம் சிவந்து, பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். கூப்பிய கைகளோடு அவர்கள் ஊர் நடுவே நின்றுபோனார்கள்.

ஊர்வலம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது நான் பேராசிரியர் இருவருடனும் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் என் வெற்றிலைப் பையின் சுருக்குக் கயிற்றைப் பாராட்டினார். அப்போது பாம்பைப் பற்றிக் கேட்ட பெண் வந்து, வழக்கமான சிரிப்பு இல்லாமல் சொன்னாள்:

"அய்யா, அக்கா உள்ள உக்காந்து அழுவுறாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்களாம். ஊட்டுக்கு வரலைன்னு சொல்லியனுப்பிட்டாங்க."

வகுப்பறையின் கதவருகே சென்றேன். உள்ளே நுழையவில்லை. அவர் சிறுவர் அமரும் பலகையில் அமர்ந்திருந்தார். இன்னும் அந்த ஆடையிலேயே இருந்தார். வலக்கை இன்னும் மார்பின்மேல் இறுகியிருந்தது, விட மறந்ததைப் போல.

"நான் சென்று அழைத்துவரட்டுமா?" என்றேன்.

"நான் போனா சாக்குச் சொல்றேன்னுதான் நெனப்பாங்க" என்றார், என்னைப் பாராமல். "நீங்க பண்ணுனது. நீங்களே போய்ச் சொல்லுங்க."

மாற்றுடை வீட்டில் இருந்தது. பேருந்து அதற்குள் சென்றுவிடும். அந்தக் கோலத்திலேயே ஓடினேன். இடக்கை இடையில், வலத்தோளில் வெற்றிலைப் பை துள்ளியது, தோற்செருப்பு ஒன்று வழியில் கழன்றது, எடுக்க நிற்கவில்லை. தெருவில் விழாக் கூட்டம் வழிவிட்டது. இது நிகழ்ச்சியின் மீதியென்று எண்ணிச் சிலர் கைதட்டினார்கள்.

பேருந்தின் பொறி இயங்கிக்கொண்டிருந்தது. பைல் நாட்டிலிருந்து வந்தவர்கள் யாரென்று கேட்டேன்; யாரோ கைகாட்டினார். பையனின் தாய் படியை அடுத்த இருக்கையில், சன்னலோரம் கணவருடன் அமர்ந்திருந்தார். நான் கீழே நின்று பேசத் தொடங்கினேன்.

"அம்மையீர், பொறுத்தருள வேண்டும். இன்று நிகழ்ந்த பிழை முழுவதும் என்னுடையது."

அவர் கணவரைப் பார்த்தார். "என்னங்க சொல்றாரு இவரு? கூத்து இன்னும் முடியலையா?"

நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, ராசா காலத்துல டிக்கெட் இல்லீங்களா? ஏறறதுன்னா ஏறுங்க" என்றார். பேருந்தில் பலர் சிரித்தார்கள்.

சொல்ல வேண்டியது ஒரே செய்தி. கச்சின்மேல் போர்த்த ஆடை அவிழ்ந்ததால் கைகூப்ப இயலவில்லை. அவ்வளவே. கச்சு என்னும் சொல்லைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கிறேன். ஆனால் அறிமுகமில்லாத ஒரு பெண்மணியிடம், இன்னொரு பெண்மணியின் மேலாடையைப் பற்றி, ஒரு பேருந்தே கேட்கும்படி, அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. "ஆடையின் கட்டு... காற்று..." என்று தடுமாறினேன். பின்பு, "ஊக்கை நான் வாங்கிக்கொண்டேன்" என்றேன்.

"பின்னையா? எதுக்குங்க?"

"அக்காலத்தில் இல்லை."

"எந்தக் காலத்துல?"

 மன்னிப்பையாவது உரியபடி கேட்போம் என்று வலக்கையை உயர்த்தி வணங்கினேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"ஒத்தக் கையில கும்புடறதுதான் உங்க கூட்டத்துக்கே வழக்கமுங்களா? காத்தால அந்தம்மா அதுகூடப் பண்ணலை."

நான் இடக்கையை இடையிலிருந்து எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி தெரிந்தும் பாதி மறந்தும் எடுத்தேன் என்பதே உண்மைக்கு அண்மையது. இரு கைகளையும் கூப்பினேன். இடையாடை கழன்று காலடியில் விழுந்தது.

உள்ளே கோவணம் கட்டியிருந்தேன். அதுவும் காலத்துக்குப் பொருந்தியதே. அந்த எண்ணம் அந்த நொடியிலும் எனக்கு வந்தது என்பதைச் சொல்லக் கூசுகிறது.

 பேருந்து முழுதும் சிரித்தது. நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார். நான் கூப்பிய கைகளை இறக்கவில்லை. இறக்கினால் குனிந்து துணியை எடுக்க வேண்டும், குனிய எனக்குத் துணிவில்லை. பையனின் தந்தை விரைந்து இறங்கிவந்து தம் தோள்துண்டை என் இடையில் சுற்றினார். "உடுங்கப்பா, பெரிய மனுசன்" என்று பேருந்தைப் பார்த்து அதட்டினார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவும் இப்படித்தான் புடிச்சுக்கிட்டு வந்தாங்களா?"

"ஆம்."

"பின்னு குத்தியிருந்தாங்களா?"

"குத்தியிருந்தார். நான் கழற்றச் செய்தேன்."

"வேணாம்னு கேட்டாங்களா?"

"கேட்டார்."

"நாங்க வாரோம்னு சொன்னாங்களா?"

"சொன்னார்."

அவர் சன்னலோரம் குனிந்தார். பின்பு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தெரிஞ்சுமா வாங்கினீங்க?" என்றார்.

சிரிப்பொலியில் இது பிறருக்குக் கேட்டிருக்காது. விடை சொல்வதென்றால், பேராசிரியர்கள் வந்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்வதைவிட இன்னொரு முறை ஆடை கழல நிற்பது எளிதாகத் தோன்றியது.

அவர் புடவைத் தலைப்புக்குள் கைவிட்டு, தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "குத்திக்குங்க. துண்டும் உழுந்துறப் போகுது." பிறகு கணவரிடம், "எறங்குங்க. ஊட்டுக்குப் போலாம். அந்தப் பொண்ணு என்ன அழுகை அழுகுதோ" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, என்னைக் கடந்து நடந்தார்.

நான் அவர்களோடு செல்லவில்லை. செல்லும் தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. துண்டுடன் வீடு வந்து சேர்ந்தபோது என் மனைவி கதவைத் திறந்து, என்னை முழுதும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தாள். அன்று மாலையே திருமண நாள் குறிக்கப்பட்டது என்று மறுநாள் அறிந்தேன்.

மறுநாள் ஊக்குத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகச் சென்றேன். எது எவருடையது என்று எனக்குத் தெரியாது; ஊக்குகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். "அய்யா, உங்களுக்கு ஒண்ணு வெச்சுக்கலையா?" என்று கேட்டவர்கள் பலர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியாகத் தையற்கடைக்குச் சென்றேன். அவர் பொறியில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் வரும் வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த சொற்களைச் சொன்னேன். சிற்பி முள்ளைச் செதுக்கமாட்டான், மூங்கிற் சிம்பைச் செதுக்கமாட்டான், அக்காலப் பெண்டிரும் எதையேனும் குத்தியிருக்கக்கூடும், சான்று இல்லை என்பதை இல்லை என்றே கொண்டது என் பிழை, மாணவர்க்கு நான் விலக்கச் சொன்ன பிழையே அது என்றேன். பொறி ஓடிக்கொண்டேயிருந்தது. நான் முடித்த பின்பு அவர் காலை எடுத்தார்.

"அவங்க குத்தியிருந்தாலும் குத்தாட்டியும் எனக்கென்னங்க? நான் கேட்டனே" என்றார்.

 ஆராய்ச்சிக்குள் ஒளிந்துகொள்ள நான் கட்டிய கடைசிச் சுவரும் அங்கே விழுந்தது. தட்டில் எஞ்சியிருந்த ஊக்கை மேசைமேல் வைத்தேன். புறப்படும்போது அவர் கேட்டார்:

"அந்தம்மா குடுத்த பின்னு எங்க?"

என் சட்டைப் பையில் இருந்தது. காட்டினேன்.

"அதைத் திருப்பிக் குடுத்துருங்க. தாலியில இருந்து எடுத்ததை அப்படியே வெச்சுக்கக் கூடாது. கல்யாணத்துல குடுங்க."

"என்னை அழைப்பீர்களா?"

"அவங்கதான் சொன்னாங்க, பெரியவர் வரணும்னு. நானா இருந்தா யோசிப்பேன்." அப்போதுதான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. ஆனால் கதவு முழுதும் சாத்தப்படவும் இல்லை.

அறையில் அந்த ஆடைகள் இன்னும் இருக்கின்றன. பெண்கள் துவைத்து மடித்துத் திருப்பித் தந்தார்கள். அதன்பின் நான் புதிதாக எதையும் தைக்கவில்லை. தைப்பது தவறு என்பதால் அல்ல. துணியை எடுத்து விரித்தால் அதற்குள் ஒரு வலக்கை இறுகிக் கிடப்பது போலத் தோன்றுகிறது.

திருமணம் பைல் நாட்டில், மணமகன் வீட்டில் நடந்தது. நான் வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, வேட்டியின்மேல் அகலமான தோலரைக்கச்சு ஒன்றையும் இறுக்கிப் பூட்டிக்கொண்டு சென்றேன். பந்தலின் வாயிலில் பையனின் தாயும் தையற்கடை அம்மையாரும் அருகருகே நின்று வருவோரை வரவேற்றார்கள். இருவரும் இரு கைகளையும் கூப்பினார்கள். நானும் கூப்பினேன். மாப்பிள்ளையின் தாய் பார்வையை என் இடைக்கு இறக்கி, அரைக்கச்சைப் பார்த்து, மீண்டும் முகத்துக்கு உயர்த்தினார்.

நான் சட்டைப் பையிலிருந்து ஊக்கை எடுத்து நீட்டினேன். "இது தங்களுடையது."

"நீங்களே வெச்சுக்குங்க சாமி" என்றார். "உங்களுக்குத்தான் அவசரம் வரும்."

பின்னால் நின்ற பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். தையற்கடை அம்மையாரும் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் கையிலிருந்த ஊக்கை எடுத்தார். சம்பந்தியின் சரட்டை மெல்ல இழுத்து, அதில் பழைய இடத்திலேயே கோத்துவிட்டார். என்னிடம், "உள்ள வாங்க, பந்தி நடக்குது" என்றார்.

நான் இலைமுன் அமர்ந்தேன். எதிர்வரிசையில் யாரோ பேருந்துக் கதையைத் தொடங்கியிருந்தார்கள்.